பாதிக்குச் சற்றுக் கீழே

"அடிக்கவே மாட்டியா மாமா?"

அக்கா மகன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கம் என் மடிக்கணினி, அந்தப் பக்கம் அவனுடையது. திரையில் அவனுடைய கார்ச்சாம்ப் நிற்கிறது. சுறாவும் டிராகனும் கலந்த உடம்பு, கைகளில் அரிவாளாய் வளைந்த நகம். எதிரே என் பிளிஸ்ஸி. உருண்டையான உடம்பு, வயிற்றுப் பையில் ஒரு முட்டை, முகத்தில் மாறாத சிரிப்பு. அவன் எர்த்குவேக் அடிக்கிறான். பிளிஸ்ஸியின் உயிர்க்கோடு சரசரவென்று இறங்கிப் பாதிக்கு ஒரு மயிரிழை மேலே வந்து நிற்கிறது. நான் சாஃப்ட்-பாயில்டு என்ற பொத்தானை அமுக்குகிறேன். அவள் தன் முட்டையைத் தானே சாப்பிடுகிறாள். கோடு மறுபடி நிறைகிறது. மறுபடி அடிக்கிறான். மறுபடி முட்டை.

அவனுக்கு இது விளையாட்டாகவே படவில்லை. நான் ஒதுங்கி நின்று அவனை அலுக்கவைக்கிறேன் என்று நினைத்தான். நடந்ததோ வேறு. அந்த எர்த்குவேக்கால் பிளிஸ்ஸிக்கு விழக்கூடிய அதிகபட்ச அடி 349. அவளுடைய முட்டை திருப்பிக் கொடுப்பது 357. நடுவே இருப்பது 8. அந்த எட்டுக்காகத்தான் அவளைக் கட்டியிருந்தேன்.

போக்கிமான் என்றதும் பலருக்கும் மஞ்சள் எலியும் கார்ட்டூனும்தான் நினைவுக்கு வரும். டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்த சடோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கேபிளைப் பார்த்தபோது அதன் வழியே பூச்சிகள் ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். அந்தக் கற்பனையிலிருந்து வளர்ந்த விளையாட்டு 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் வெளியானது. பிடிப்பது, வளர்ப்பது, மாற்றிக்கொள்வது என்று மேலே தெரிவதெல்லாம் குழந்தைகளுக்கானது. கேபிளின் மறுமுனையில் இன்னொரு மனிதர் உட்கார்ந்து சண்டைக்கு வந்துவிட்டால் அடியில் இருக்கும் கணக்கு மேலே வந்துவிடும்.

அந்தக் கணக்கின் நடுவே ஒரு வகுத்தல் இருக்கிறது. அடிப்பவரின் அட்டாக்கை, வாங்குபவரின் டிஃபென்ஸால் வகுக்கிறார்கள். அடியின் வலிமை, அடிப்பவரின் லெவல் எல்லாம் பெருக்கலில் வரும். கடைசியில் 85 முதல் 100 சதவீதம்வரை பதினாறு படிகளில் ஒன்றை விளையாட்டு குலுக்கி எடுக்கும். இந்தச் சண்டைப் பகுதியின் நிரலை முதலில் எழுதியவர் ஷிகெகி மொரிமோட்டோ. பின்னால் அதை நின்டெண்டோ 64 கருவிக்குக் கொண்டுபோக வேண்டிவந்தபோது, எச்.ஏ.எல். நிறுவனத்தில் இருந்த சடோரு இவாட்டா, விளக்கக் குறிப்பு எதுவும் இல்லாமல், நிரலை மட்டும் படித்து ஒரு வாரம்போல எடுத்துக்கொண்டு மாற்றி முடித்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நெருக்கம் தோன்றும். விளையாட்டை விளையாடிப் புரிந்துகொள்வது ஒரு வழி. அதன் கணக்கைப் படித்துப் புரிந்துகொள்வது இன்னொரு வழி. சுவர் கட்டுகிறவர்களுக்கு இரண்டாவது வழிதான்.

சுவர் என்று நான் சொல்வதை ஆட்டக்காரர்கள் ஆங்கிலத்தில் 'வால்' என்பார்கள். தமிழில் எழுதினால் விலங்கின் வால் ஆகிவிடுகிறது. ஆகவே சுவர் என்றே வைத்துக்கொள்கிறேன். வந்து நின்று, அடியை வாங்கி, விழாமல், பின்னால் இருப்பவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் உயிர் அது. ஆறு பேர் அணியில் ஒன்றோ இரண்டோ இப்படி இருக்கும். அணி முழுக்கவே சுவராக நின்றால் அதற்கு 'ஸ்டால்' என்று பெயர்.

பிளிஸ்ஸியை எடுத்துக்கொள்வோம். ஹெச்.பி. என்கிற உயிரில் அவளுடைய அடிப்படை எண் 255. எட்டு பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் அதுதான். அதற்குமேல் வைக்க இடமே இல்லை. ஸ்பெஷல் டிஃபென்ஸ் 135. நெருப்பு, மின்சாரம், மனோசக்தி என்று தூரத்திலிருந்து வரும் அடிகளை இது தாங்கும். ஆனால் கையாலும் பல்லாலும் உடம்பாலும் வரும் அடியைத் தாங்குகிற டிஃபென்ஸ் வெறும் 10. கடலளவு உயிர், காகிதத் தோல்.

இதற்குமேல் நாம் சேர்ப்பதற்குச் சில புள்ளிகள் உண்டு. ஈ.வி. என்பார்கள், உழைப்புப் புள்ளி. ஒரு உயிருக்கு மொத்தம் 510, ஒரு திறனுக்குப் பயன்படுவது 252 வரை. நூறாவது லெவலில் நான்கு புள்ளிக்கு ஒன்று கூடும். ஆக ஏதாவது இரண்டு திறன்களை முழுதாக நிரப்பலாம். அத்துடன் மிச்சம் ஆறு. அந்த ஆறில் நான்கு ஒரு புள்ளி தரும், இரண்டு வீண். தற்காப்பைக் கட்டும் கலை முழுவதும் இந்தப் பகிர்வில்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் பிளிஸ்ஸியின் பலத்தைப் பார்த்துப் பலத்திலேயே கொட்டுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். உயிர்தான் அவளுடைய பெருமை, அதைப் பெருக்குவோம். கணக்கோ வேறு மாதிரி சொல்கிறது. புள்ளி எதுவும் சேர்க்காத பிளிஸ்ஸிக்கு நூறாவது லெவலில் உயிர் 651. முழு 252-ஐ அங்கே போட்டால் 714. ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. அதே 252-ஐ டிஃபென்ஸில் போட்டுப் பாருங்கள். 56 இருந்தது 119 ஆகிறது. டிஃபென்ஸைக் கூட்டுகிற 'போல்ட்' என்ற பிறவிக் குணமும் அமைந்துவிட்டால் 130. இரண்டு மடங்குக்கும் மேல். வகுத்தலில் கீழே இருக்கும் எண் இரட்டித்தால் விழும் அடி பாதியாகிறது. 63 என்ற ஒரே கூடுதல்தான், ஓரிடத்தில் கடலில் கரைத்த பெருங்காயமாகப் போகிறது, இன்னோரிடத்தில் ஆளையே மாற்றிவிடுகிறது.

இல்லாத இடத்தில் போட வேண்டும் என்பதை இந்த எண்கள் எனக்குக் கற்றுக் கொடுத்தன. சும்மா ஒரு நல்ல வாசகமாக இதைச் சொல்லவில்லை. ஷக்கிள் என்ற சின்ன ஆமை போன்ற உயிரிடம் போனால் விடை தலைகீழாகும். அதற்கு டிஃபென்ஸ் 230, உயிர் 20. அங்கே உயிரில்தான் போட வேண்டும். விதி ஒன்றுதான், விடை ஆளுக்கு ஆள் மாறும்.

இப்போது அக்கா மகனின் கார்ச்சாம்புக்கு வருவோம். அட்டாக் முழுதாக வளர்த்தது, வேகத்தைக் கூட்டும் 'ஜாலி' என்ற குணம், பலம் கூட்டும் பொருள் எதுவும் கையில் இல்லை. அதன் எர்த்குவேக் உயிரை மட்டும் நிரப்பிய பிளிஸ்ஸிமேல் விழுந்தால் 688-லிருந்து 810 வரை அடி. அவளிடம் இருப்பது 714. பதினாறு குலுக்கலில் பன்னிரண்டில் ஒரே அடியில் போய்விடுவாள். டிஃபென்ஸை மட்டும் நிரப்பினால் அடி 297 முதல் 349. ஆனால் அவளிடம் இருப்பது 651, அதில் பாதி 325-ஐ ஒட்டி. மேல்பக்கத்துக் குலுக்கல்கள் பாதியைத் தாண்டிவிடும். இரண்டையும் நிரப்பினால் அடி அதே 297 முதல் 349, உயிர் 714, பாதி 357.

அந்தப் பாதிதான் எல்லாம். சாஃப்ட்-பாயில்டு பாதி உயிரைத் திருப்பித் தரும். ஆகவே ஒரு அடி பாதிக்கு மேல் போனால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோற்றுக்கொண்டே இருப்பாள். பாதிக்குச் சற்றுக் கீழே நின்றால் ஒவ்வொரு சுற்றிலும் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவாள். 49 சதவீதத்துக்கும் 51 சதவீதத்துக்கும் நடுவே இருப்பது வெறும் இரண்டு சதவீதம் இல்லை, நிற்பதும் வீழ்வதும். உறுதி என்றால் அடி பட்டும் அசையாமல் நிற்பது என்றுதான் நினைத்திருந்தேன். பிளிஸ்ஸி ஒவ்வொரு அடிக்கும் உயிரில் பாதியை இழக்கிறாள். திரும்பி எழும் வேகம், விழும் வேகத்தைவிட ஒரு எட்டுப் புள்ளி கூட. அவ்வளவுதான் அவளுடைய உறுதி.

எதிராளி ஜாலிக்குப் பதில் அட்டாக்கைக் கூட்டும் 'அடமன்ட்' குணத்தோடு வந்தால் அதிகபட்ச அடி 384. முட்டைக்கு 27 குறைகிறது. இந்த 27-ஐ அடைக்கத்தான் அவள் கையில் லெஃப்ட்ஓவர்ஸ் கொடுத்திருக்கிறேன். மீந்துபோன சாப்பாடு என்று பொருள். படத்தில் கடித்து மிச்சம் வைத்த ஆப்பிள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் உயிரில் பதினாறில் ஒரு பங்கு கொடுக்கும், பிளிஸ்ஸிக்கு 44. இருபத்தேழு ஓட்டையை நாற்பத்து நான்கு அடைத்துவிடுகிறது. எதிராளி அறிந்தவராக இருந்தால் முதலில் நாக் ஆஃப் என்ற அடியால் அந்த மீந்த சாப்பாட்டைத் தட்டிவிடுவார். ஓட்டை மறுபடி திறந்துகொள்ளும். அதே அடமன்ட் கார்ச்சாம்ப் 'சாய்ஸ் பேண்ட்' என்ற பலப்பொருளைக் கட்டிக்கொண்டு வந்தால் அடி 487 முதல் 574. அதற்கு என்னிடம் விடை இல்லை. அந்த அடிக்குத் தோற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துதான் பிளிஸ்ஸியைக் கட்டுகிறேன்.

இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாக்கும் உயிரைக் கட்டும்போது பொதுவாக நினைத்தால் போதும்: எவ்வளவு வேகமோ அவ்வளவு நல்லது, எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது. தாங்கும் உயிரை அப்படிக் கட்ட முடியாது. 510 புள்ளியில் எல்லா அடியையும் தாங்கும் உடம்பு கிடையாது. யாருடைய எந்த அடியைத் தாங்கப் போகிறாள் என்று பெயர் சொல்லித் தொடங்க வேண்டும். ஜாலி கார்ச்சாம்பின் எர்த்குவேக், கையில் பலப்பொருள் இல்லாமல். இவ்வளவு நுணுக்கமாக. கட்டி முடிக்கும்போது என் பிளிஸ்ஸியைப் பற்றித் தெரிந்துகொண்டதைவிட அந்தச் சுறாவைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டிருப்பேன். அதன் குணம், வேகம், அது எப்போது பொறுமை இழக்கும், இழந்தால் அடுத்து என்ன செய்யும் எல்லாம் தெரியும். எதிரியை இவ்வளவு உன்னிப்பாக நினைக்கவைத்த வேறு விளையாட்டு எனக்கு வாய்க்கவில்லை.

இப்போது ஷோடவுன் போன்ற இணையதளத்தில் எண்களைத் தட்டினால் உயிர் தயார். 2008-இல் எனக்கு அப்படி இல்லை. சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டி.எஸ். கருவி, அதில் டைமண்ட் விளையாட்டு. ஈ.வி. எங்கேயும் திரையில் தெரியாது. எதை வீழ்த்துகிறோமோ அதற்கேற்ற புள்ளி உள்ளுக்குள் ஏறும். பிடூஃப் என்ற எலி போன்ற உயிரை வீழ்த்தினால் உயிரில் ஒன்று. ஜியோடூட் என்ற கைமுளைத்த பாறையை வீழ்த்தினால் டிஃபென்ஸில் ஒன்று. பணம் இருந்தால் சத்து மருந்து வாங்கிப் புகட்டலாம், ஒரு பாட்டிலுக்குப் பத்துப் புள்ளி, நூறு வரைக்கும். என்னிடம் அந்த விளையாட்டுப் பணமும் இல்லை. 252 பிடூஃப், 252 ஜியோடூட்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டில் கோடு போட்டேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. பக்கத்தின் மேலே, பிளிஸ்ஸியாக மாறப்போகும் 'சான்சி', அதன் கீழே இரண்டு பத்தி. போல்ட் குணத்தோடு ஒரு சான்சி அமையும்வரை முட்டை முட்டையாகப் பொரித்துப் பார்த்ததே சில வாரம். பிறகு புல்வெளியில் பிடூஃப். பிறகு ஓர்பர்க் சுரங்கத்தில் ஜியோடூட். இரவு பத்தரைக்கு மேல் போர்வைக்குள் அந்தச் சின்ன வெளிச்சம். "சுவரு இருந்தாத்தான் சித்திரம் வரைய முடியும், கண்ணை மூடித் தூங்குடா" என்று அம்மா கூடத்திலிருந்து சத்தம் போடுவாள். அவள் என் உடம்பைச் சொன்னாள். எனக்கு அது சான்சியைச் சொன்னதாகவே கேட்கும்.

சுரங்கத்தில் சூபாட் என்ற வௌவாலும் வரும். அதை வீழ்த்தினால் வேகத்தில் ஒரு புள்ளி ஏறும், சான்சிக்குத் துளியும் வேண்டாத வேகம். தூக்கக் கலக்கத்தில் மூன்று சூபாட்டை அடித்துவிட்டு மறுநாள் காலையில்தான் நினைவு வந்தது. 510-இல் மூன்று வீணானால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனாலும் அந்த மூன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. தவறாக ஏறிய புள்ளியை இறக்க விளையாட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள்: சில பழங்கள். வேகத்தை இறக்குவது தமேட்டோ பெர்ரி, பேரைப் போலவே தக்காளி ஜாதி. ஊட்டினேன். அந்தப் பழம் ஏறிய புள்ளியை அழித்துவிட்டு, கூடவே அந்த உயிருக்கு நம்மேல் உள்ள பிரியத்தைக் கூட்டும். தவற்றைத் திருத்தும்போது பிரியம் கூட வேண்டும் என்று யாரோ ஒருவர் யோசித்து அந்த நிரலை எழுதியிருக்கிறார்.

பிரியம் சும்மா இல்லை. சான்சி பிளிஸ்ஸியாக மாறுவதற்கு வேறு வழி கிடையாது. பிரியம் ஓர் அளவைத் தாண்டினால்தான் மாறுவாள். கூட்டிக்கொண்டு நடக்க வேண்டும், சண்டையில் விழவிடக் கூடாது. ஒவ்வொரு தடவை விழும்போதும் பிரியம் குறையும். பின்னாளில் எல்லார் அடியையும் தாங்கப் போகிறவளை, வளரும் நாளில் ஒரு தடவைகூட விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 510-ம் நிரம்பியதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, சன்னிஷோர் சந்தையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் அவளைக் காட்டுவது. நிரம்பியிருந்தால் ஒரு ரிப்பன் கொடுப்பாள். எதில் எவ்வளவு என்று சொல்ல மாட்டாள். ரிப்பன் கிடைத்த அன்று நோட்டை மூடிவைத்தேன். நூறாவது லெவலில் என் பிளிஸ்ஸியின் உயிர் 702-இல் நின்றது. பிறக்கும்போதே குலுக்கலில் அமையும் பிறவிப் புள்ளியில் பன்னிரண்டு குறைவு. அது குறையாகத் தோன்றவே இல்லை.

சுவர் தனியாக நின்றால் சுவர் ஆகாது. 2002-இல் வந்த ரூபி, சஃபையர் விளையாட்டுகளின் காலத்து ஆட்டக்காரர்கள் பிளிஸ்ஸியோடு ஸ்கார்மரியைச் சேர்த்தார்கள். இரும்பு இறகு கொண்ட பறவை. டிஃபென்ஸ் 140. பிளிஸ்ஸிக்கு எது ஆகாதோ அது ஸ்கார்மரிக்கு ஆகும். ஸ்கார்மரிக்கு ஆகாத நெருப்பும் மின்சாரமும் பிளிஸ்ஸிக்குத் தூசு. இரண்டு பேரையும் சேர்த்து 'ஸ்கார்ம்பிளிஸ்' என்று ஒரே பெயராகச் சொல்லும் அளவுக்கு அந்த ஜோடி பிரிக்க முடியாததானது. எதிராளிகள் அதற்கும் மாற்றுக் கண்டார்கள். இரும்பு உயிர்களை இழுத்துப் பிடித்துத் தப்பவிடாமல் செய்யும் காந்தம் மேக்னட்டனிடம் உண்டு. ஸ்கார்மரியை அது பிடித்துச் சுட்டுவிட்டால் பிளிஸ்ஸி தனி. சுவரில் எந்தக் கல்லை உருவினால் சுவர் சரியும் என்று பார்த்துப் பார்த்துச் செய்த வேலை அது. எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு.

சுவருக்கு ஒரு வேலையும் வேண்டும். முட்டை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிளிஸ்ஸியை எதிராளி பொருட்படுத்தவே மாட்டார். அவள் முன்னால் நிதானமாக நின்று தன் பலத்தை இரட்டித்துக்கொண்டு பிறகு அடிப்பார். அக்கா மகனும் அன்று அதைத்தான் செய்தான். இரண்டு எர்த்குவேக் வீணானதும் மூன்றாவது சுற்றில் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடினான். கார்ச்சாம்பின் அட்டாக் இரண்டு மடங்கு. அந்தச் சுற்றில் எனக்கு முட்டை தேவைப்படவில்லை. அவன் பக்கத்தில் ஸ்டெல்த் ராக் பரப்பினேன். இனி அவன் அணியில் யார் உள்ளே வந்தாலும் அந்தக் கூர்ங்கற்களில் அடிபட்டுத்தான் வர வேண்டும்.

"செத்தா மாமா இப்ப."

எர்த்குவேக். கோடு பச்சை தாண்டி, மஞ்சள் தாண்டி, சிவப்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் கணக்கு தெரியும்: இரட்டித்த அட்டாக்கில் அதிகபட்ச அடி 697. தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கோடு நின்றது. 59. அவன் நாற்காலியை விட்டு எழுந்து என் பக்கம் வந்து திரையைப் பார்த்தான். அந்த 59-க்குமேல் அவள் முட்டையை உடைத்துச் சாப்பிட்டாள்.

அடுத்த சுற்றில் அவன் எர்த்குவேக்கை அமுக்கியபோது நான் அவளை வெளியே எடுத்து ஸ்கார்மரியை இறக்கினேன். பறவையை நிலநடுக்கம் என்ன செய்யும்? சுழியம். பிறகு ஸ்கார்மரி இறக்கையை வீசி ஒரு சூறைக்காற்றை எழுப்பியது. கார்ச்சாம்ப் தன் இரட்டைப் பலத்தோடு தூக்கி எறியப்பட்டு, அதன் இடத்துக்கு இழுபட்டு வந்த இன்னொன்று கற்களில் அடிபட்டது. அந்த ஆட்டத்தில் நான் நேராக ஓர் அடியும் அடிக்கவில்லை என்பது உண்மைதான்.

இப்படி ஆடுகிறவர்கள்மேல் எரிச்சல் உண்டு. சலிப்பு, கோழைத்தனம், ஆடத் தெரியாதவர்களின் ஒளிவிடம் என்பார்கள். பாதி ஆட்டத்தில் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சு வருத்தம் தருகிறது. தாக்குகிறவர் கேட்பது ஒரே கேள்வி, அதுவும் ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. சுவர் திருப்பிக் கேட்கிறது: இது இல்லையென்றால் உன்னிடம் வேறு என்ன இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கிய பிறகுதான் பலர் தங்கள் அணியில் இருக்கும் மற்ற ஐந்து பேரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நம் புறத்திணை மரபில் மதிலை வளைக்கிறவர்கள் உழிஞை சூடுவார்கள், உள்ளே நின்று மதிலைக் காக்கிறவர்கள் நொச்சி சூடுவார்கள். தொல்காப்பியம் நொச்சியை உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டது. பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் அதற்குத் தனித் திணை என்ற இடத்தைக் கொடுத்தது. காப்பது என்பது தாக்குதலின் மறுபக்கம் மட்டும் இல்லை, அதற்கென்று ஒரு பூ வேண்டும் என்று ஐயனாரிதனார் முடிவு செய்திருக்கிறார். அந்தப் பூ நொச்சியாக இருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் சளி பிடித்தால் ஆவி பிடிக்க வெந்நீரில் போடுவது நொச்சி இலைதான். மதில் காப்பவன் தலையில் இருப்பதும் நோயாளியின் போர்வைக்குள் இருப்பதும் ஒரே செடி. முட்டையோடு நிற்கும் பிளிஸ்ஸிக்கு இதைவிடப் பொருத்தமான பூ இருக்க முடியாது.

இரண்டுக்கு இரண்டாக ஆடும் உலகப் போட்டிகளில் தாங்குவதற்கு வேறொரு முகம் உண்டு. 2014-இல் வாஷிங்டனில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் சேஜுன் பார்க் ஒரு பாச்சிரிசுவைக் கொண்டுவந்தார். மின்சார அணில். எல்லா அடிப்படை எண்களையும் கூட்டினாலும் 405. அந்த மேடைக்கு யாரும் கொண்டுவராத ஆள். அதன் வேலை 'ஃபாலோ மீ': இந்தச் சுற்றில் யாரை அடிக்க நினைத்தாலும் அடி என்மேல் விழட்டும். பக்கத்தில் நின்ற பெரிய கயராடோஸ் அந்த நேரத்தில் தன் வேலையைப் பார்த்தது. பார்க் உலகச் சாம்பியன் ஆனார். சேதுவுக்கு மணல் சுமந்த அணிலைக் கேட்டு வளர்ந்தவன் நான். அடி சுமந்த இந்த அணிலை முதன்முதல் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் டிஃபென்ஸைக் கட்டும்போது எந்த அடிகளை நினைத்துக் கட்டியிருப்பார் என்று நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2022 நவம்பரில் ஸ்கார்லெட், வயலெட் வந்தபோது விளையாட்டைச் செய்கிறவர்கள் சுவர்களின் அடிமடியில் கை வைத்தார்கள். முட்டை, ரிகவர், ரூஸ்ட் போன்ற எழும் வித்தைகளை ஓர் ஆட்டத்தில் பதினாறு தடவை வரைக்கும் பயன்படுத்த முடிந்தது. அதை எட்டாகக் குறைத்தார்கள். எர்த்குவேக் பதினாறாகவே இருக்கிறது. முன்பெல்லாம் பதினாறு அடிக்குப் பதினாறு முட்டை, கணக்கு நேர். இப்போது எட்டு முட்டை தீர்ந்த பிறகும் எதிரே எட்டு எர்த்குவேக் மிச்சம். ஆட்டம் நீண்டு நீண்டு போகாமல் இருக்கச் செய்த மாற்றம். அதன் நியாயம் புரிகிறது. ஆனாலும் அன்று பழைய சிநேகிதி ஒருத்திக்கு வயதாகிவிட்டதைக் கண்டதுபோல இருந்தது. எட்டு முட்டையை எங்கே செலவழிப்பது, எந்த அடிக்கு ஸ்கார்மரியை இறக்கி முட்டையை மிச்சம் பிடிப்பது என்று இப்போது ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டியிருக்கிறது.

மூன்று வாரம் கழித்து அக்கா மகன் மறுபடி வந்தான். முதல் ஆட்டம். எர்த்குவேக், முட்டை. எர்த்குவேக், முட்டை. ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடவில்லை. கேள்வியும் கேட்கவில்லை. ஐந்தாவது முட்டையில்தான் கவனித்தேன், உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான்.

"எட்டுதான மாமா?"

ஸ்கார்மரியை இறக்கினேன். அவன் அதற்கும் ஒன்று வைத்திருந்தான். அடுத்த சுற்றில் மேக்னட்டனின் அடுத்த வடிவமான மேக்னசோன் உள்ளே வந்து காந்தத்தால் பறவையைப் பிடித்துக்கொண்டது. அதன்பின் எட்டாவது முட்டையும் தீர்ந்தது. பிளிஸ்ஸி கடைசி அடிக்கு விழுந்தபோது அவன் கைதட்டவோ கத்தவோ இல்லை. திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு கட்டித் தா மாமா" என்றான்.

"நீயே கட்டு மாப்ள."

பரணிலிருந்து அந்தக் கட்டம் போட்ட நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகக் கோடுகள். பென்சிலில் போட்டவை சில இடங்களில் அழிந்து நிழலாக இருந்தன. 'சூபாட் 3' என்று எழுதி வட்டம் போட்டிருந்த இடத்தில் விரலை வைத்து இது என்ன என்று கேட்டான். சொன்னேன். தக்காளிப் பழத்தையும் சொன்னேன். கடைசியில் சில பக்கங்கள் காலியாக இருந்தன. அதில் ஒன்றைத் திருப்பி வைத்துக்கொண்டு, "252-ஐ எதுல போடணும்?" என்றான்.

"யாரோட அடியைத் தாங்கணும்?"

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு யோசித்தான். வகுப்பில் ஒருவனிடம் ஓர் உயிர் இருக்கிறதாம், யாராலும் அதன்முன் இரண்டு சுற்று நிற்க முடியவில்லையாம். அதன் குணம் என்ன, கையில் என்ன வைத்திருக்கிறது, எந்த அடியை முதலில் அடிப்பான் என்று கேட்டேன். முதல் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது, மற்ற இரண்டுக்கும் இல்லை. "நாளைக்குப் பார்த்துட்டு வர்றேன்" என்றான். பிறகு பக்கத்தின் உச்சியில், நான் சான்சி என்று எழுதிய அதே இடத்தில், தன் போக்கிமானின் பெயருக்கு முன்னால் அந்தப் பையனுடைய போக்கிமானின் பெயரை எழுதினான்.